படிச்சாச்சு, ஆனா சேர்க்கல

தேடுபொறியோட பாட், அதாவது பக்கங்களைத் தானாப் படிச்சுட்டுப் போற நிரல், வந்திருக்கு, பக்கத்தை முழுசாப் படிச்சிருக்கு, எந்தத் தேதி எத்தனை மணிக்குப் படிச்சதுன்னுகூட தளக்காரங்களுக்குன்னு கூகுள் வெச்சிருக்கற சர்ச் கன்சோல்ல தெளிவா இருக்கு, ஆனா இன்டெக்ஸ்ல, அதாவது தேடினா எடுத்துக் காட்டற பட்டியல்ல, சேர்க்கல. ஏன்னு கேட்டா பதில் கிடையாது. சொந்தமா ஒரு தளம் வெச்சு எழுதிட்டிருக்கற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல, அந்தச் சாம்பல் கலர் வரியை எல்லாருமே பாத்திருப்பீங்க. 404ன்னா பக்கம் இல்லன்னு புரியுது. 500ன்னா சர்வர் படுத்திருச்சுன்னு புரியுது. நோஇன்டெக்ஸ் டேக்னா நாமளே வேண்டாம்னு சொல்லியிருக்கோம். இது மட்டும்தான் எல்லாம் ஒழுங்கா இருக்கு, இருந்தாலும் வேண்டாம்ங்கற ரகம். இன்டர்வியூ முடிஞ்சதும் "சரி, சொல்லி அனுப்பறோம்"னு சொல்லி வெளிய அனுப்பிடுவாங்க பாருங்க, அது மாதிரி. எதுல ஃபெயில்னும் தெரியாது, ஃபெயிலான்னும் தெரியாது.

என் தளத்துல சின்னச் சின்னக் குறிப்புகள், படிச்சதைப் பத்தி எழுதினது, சும்மா புலம்பினது எல்லாம் கிடக்கு. அதெல்லாம் உள்ள போகுதா வெளிய நிக்குதான்னு எனக்குப் பெரிய கவலை கிடையாது. ஆனா ஒரு நீளமான கட்டுரை இருக்கு. யூனிகோடுக்கு முந்தின காலத்துல டிஸ்கி, பாமினிங்கற பழைய எழுத்து முறைகள்ல டைப் பண்ணி வெச்ச தமிழ் ஃபைல்களை இன்னிக்கு எப்படி மீட்கறதுன்னு எழுதினது. அந்த ஃபைலைத் திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் விநோதக் குறியுமாத் தெரியும், எந்த என்கோடிங்னு, அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கற முறைன்னு, முதல்ல கண்டுபிடிக்கணும், அப்புறம் ஒவ்வொரு எழுத்தா மாத்தணும். மாத்தும்போது கொம்பு ஒரு பெரிய தலைவலி, ஏன்னா பழைய ஃபான்ட்கள்ல கொம்பைக் கண்ணுக்குத் தெரியற வரிசையில மெய்க்கு முன்னாடி வெச்சிருப்பாங்க, யூனிகோடுல அது மெய்க்குப் பின்னாடி சேமிக்கப்படும், அதனால வெறும் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டா வார்த்தையே குட்டிக்கரணம் அடிக்கும். இதையெல்லாம் டேபிள் போட்டு, நான் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதினேன். இந்த மாதிரிக் கட்டுரையை யாரும் பொழுது போகலன்னு படிக்க மாட்டாங்க. பழைய ஃபைல் ஒன்னு திறக்கலன்னு தவிக்கறவங்க தேடித்தான் வரணும், வேற வழியே இல்ல. தேடுபொறிக்குன்னே பொறந்த கட்டுரைன்னு ஒன்னு இருந்தா அது இதுதான், அது மட்டும்தான் வெளிய நின்னுச்சு.

சரிபார்க்கற சடங்கு

இந்தப் பிரச்சனைன்னு சொன்ன உடனே எல்லாரும் முதல்ல கேக்கறது ரோபாட்ஸ் ஃபைலைப் பாத்தியா, சைட்மேப், அதாவது தளத்தோட பக்க முகவரிப் பட்டியல், குடுத்தியான்னுதான். பாத்தேன். ரோபாட்ஸ் டெக்ஸ்ட்ங்கறது 1994ல மார்ட்டின் கோஸ்டர்னு ஒருத்தர் முன்வெச்ச ஏற்பாடு, பாட்கள் மரியாதைக்குக் கேட்டுக்கிட்டு நடந்த ஒரு வழக்கம் அவ்வளவுதான், 2022 செப்டம்பர்லதான் ஆர்எஃப்சி 9309ங்கற இணையத் தர ஆவணமா அதிகாரபூர்வமா எழுதியே வெச்சாங்க. அது சொல்றது "இங்க வராதே"ன்னு, "இதைச் சேர்க்காதே"ன்னு இல்ல. இந்த வித்தியாசம் நிறைய பேருக்குப் பிடிபடறதில்ல. ரோபாட்ஸ்ல தடுத்த பக்கத்துக்கு வெளிய யாராவது லிங்க் குடுத்திருந்தா, உள்ள என்ன இருக்குன்னே பாக்காம வெறும் முகவரியை மட்டும் தேடுபொறி இன்டெக்ஸ்ல போட்டுக்க முடியும். அதே சமயம், சேர்க்கவே கூடாதுன்னு நோஇன்டெக்ஸ் டேக் போட்டுட்டு ரோபாட்ஸ்லயும் தடுத்தீங்கன்னா அந்த டேக்கை பாட் பாக்கவே பாக்காது, பாக்கலன்னா எப்படிக் கேக்கும்? முன்னாடி ரோபாட்ஸ் ஃபைலுக்குள்ளயே நோஇன்டெக்ஸ்னு ஒரு வரி எழுதற வழக்கமும் இருந்துச்சு, அதைக் கூகுள் 2019 செப்டம்பர் 1லேர்ந்து கண்டுக்கறதை நிறுத்திடுச்சு. பழைய தீம் வெச்சிருக்கறவங்க இன்னிக்கும் அந்த வரியைச் சுமந்துட்டிருப்பாங்க. என் ஃபைல்ல இந்த வில்லங்கம் எதுவும் இல்ல, ரெண்டே வரிதான், ரெண்டும் சரி.

சைட்மேப்பும் இருந்துச்சு. ஒரு சைட்மேப்ல 50,000 முகவரி வரைக்கும், சுருக்காத அளவுல 50 எம்பி வரைக்கும் வெக்கலாம்னு விதி, தனியாள் தளம் எதுவும் அந்த எல்லையைக் கனவுலயும் தொடப் போறதில்ல. ஒவ்வொரு முகவரிக்கும் முக்கியத்துவம் இவ்வளவு, மாறற வேகம் இவ்வளவுன்னு எழுதற ரெண்டு வரி இருக்கே, அதைக் கூகுள் பொருட்படுத்தறதே இல்ல, கடைசியா மாத்தின தேதியை மட்டும், அதுவும் நம்பற மாதிரி இருந்தா எடுத்துக்கும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. இருந்தும் ப்ளகின்கள் அந்த ரெண்டு வரியையும் அச்சு பிசகாம எழுதிட்டேதான் இருக்கு. எப்படியோ, சைட்மேப் செய்யற உபகாரம் "இப்படி ஒரு பக்கம் இருக்கு"ன்னு காட்டறதோட முடிஞ்சது. கண்டுபிடிச்சாச்சு ஆனா இன்னும் படிக்கலன்னு ஒரு நிலைமை கன்சோல்ல தனியா இருக்கு, அதுக்கு வேணா சைட்மேப்பும் சர்வர் வேகமும் உதவலாம். எனக்குத்தான் வந்து படிச்சிட்டே போயாச்சே.

கொஞ்ச காலம் முகவரியில இருக்கற தமிழ் எழுத்து மேலயும் சந்தேகம் இருந்துச்சு. தமிழ்ல முகவரி வெச்சா பாக்க அழகு, காப்பி பண்ணா அலங்கோலம். யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட மூணு எழுத்தா விரியும், ஆக ஒன்னுக்கு ஒன்பது. "தமிழ்"ங்கறது கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுல அஞ்சு குறி, முகவரியில 45 எழுத்து. இதனால இன்டெக்ஸ் ஆகாதுன்னு ஒரு வதந்தி ரொம்ப நாளா சுத்துது, அதுல உண்மை இல்ல, தமிழ் முகவரி உள்ள பக்கங்கள் தேடல்ல எக்கச்சக்கமா இருக்கு. ஆனா ஒரு நிஜச் சிக்கல் உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை யூனிகோடுல ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், ரெண்டும் சமம்னு யூனிகோடு சொல்லுது, திரையில ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா முகவரின்னு வரும்போது பைட் வேற, அதனால பல சர்வருக்கு அது வேற பக்கம். ஒருத்தர் குடுத்த லிங்க் கண்ணுக்கு அப்படியே உங்க லிங்க்தான், அழுத்தினா 404. "சொல்", "பொருள்" மாதிரி வார்த்தைங்களை முகவரியில வெச்சிருக்கறவங்க ஒரு தடவை பாத்துக்கங்க. என் கட்டுரைக்கு முகவரி ஆங்கில எழுத்துலதான் இருந்துச்சு, அதனால இதுவும் காரணம் இல்ல.

அப்புறம் சர்வர் லாக், யார் எப்ப வந்து எதைக் கேட்டாங்கன்னு சர்வர் எழுதி வெக்கற பதிவு. கன்சோல் சொல்றதை நம்பாம நேரா லாக்லயே பாத்துடலாம்னு இறங்கினேன். இது உண்மையிலேயே சுவாரஸ்யமான இடம், எல்லாரும் ஒரு தடவையாவது பாக்கணும், மனுசங்க வர்றதைவிட பாட் வர்றது எவ்வளவு அதிகம்னு பாத்தா ஒரு மாதிரி ஆயிடும். பெரிய தேடுபொறி பாட்னு பேர் போட்டுக்கிட்டு வர்ற எல்லாமே அது இல்ல, அந்தப் பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். வந்த கணினியோட ஐபி எண்ணை வெச்சு, எந்த எண் எந்த டொமைன்னு சொல்ற டிஎன்எஸ்ல தலைகீழாத் தேடி டொமைன் பேரை எடுத்து, அந்தப் பேரை மறுபடி நேரா தேடி அதே ஐபி வருதான்னு பாக்கணும், அப்பத்தான் நிஜ பாட். அப்படி வடிகட்டினதுல பாதிக்கு மேல போலி, எதுக்கு வந்துச்சோ யாருக்குத் தெரியும். ஆனா நிஜ பாட்டும் வந்திருந்துச்சு. என் கட்டுரையைக் கேட்டிருக்கு, 200, அதாவது சரிங்கற பதில், குடுத்திருக்கோம், முழு அளவும் இறங்கியிருக்கு. இன்னொரு தடவை வந்து "மாறியிருக்கா"ன்னு கேட்டிருக்கு, மாறலன்னு 304 குடுத்து அனுப்பியிருக்கோம். ஒழுங்கா வந்து ஒழுங்காப் போயிருக்கு. குறை சொல்ல ஒன்னும் இல்ல.

இன்டெக்ஸ் பண்ணச் சொல்லிக் கேக்கற பட்டனைப் பத்தி ஒரு வார்த்தை. ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் குடுத்தா சீக்கிரம் வராதுன்னு உதவிப் பக்கத்துலயே எழுதியிருக்கு. தெரிஞ்சும் அழுத்துவோம். லிஃப்ட் பட்டனை ரெண்டாவது தடவை அழுத்தாத மனுசன் யாரு.

இந்தக் கட்டத்துல எல்லா ஆலோசனையும் ஒரே இடத்துல வந்து முட்டும்: தரமா எழுதுங்க. டெக்னிக்கலா ஒரு குறையும் இல்லன்னா உங்க எழுத்துலதான் குறைன்னு அர்த்தம். பத்தி பெருசா இருக்கு, சின்னதாக்குங்க. தலைப்பைக் கேள்வியா மாத்துங்க. கீழ "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்"னு ஒன்னு போடுங்க, அதுல யாரும் கேக்காத கேள்வியை நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லுங்க. எனக்குக் கை துறுதுறுத்துச்சு, பொய் சொல்லல. கட்டுரையைத் திரும்பப் படிச்சுப் படிச்சு, இந்த வரி பாட்டுக்குப் பிடிக்கலையோ, இந்தக் கிண்டல் அதிகமோன்னு, யாரோ கண்ணுக்குத் தெரியாத வாத்தியார் பேப்பர் திருத்தற மாதிரி நினைக்க ஆரம்பிச்சேன். எழுதறவனுக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. நல்லவேளையா நான் எதையும் மாத்தறதுக்குள்ள வேற ஒன்னு நடந்துச்சு.

வரி மாறின நாள்

ஒரு நாள் கன்சோலைத் திறந்தா அந்தக் கட்டுரை பழைய வரிசையில இல்ல. ஆஹா உள்ள போயிடுச்சுன்னு பாத்தா, இல்ல, வேற வரிசைக்கு மாறியிருக்கு. இது நகல், நீங்க சொன்னதை விட்டுட்டு வேற பக்கத்தை மூலமா எடுத்துக்கிட்டோம்னு அர்த்தம் வர்ற வரிசை. எனக்கு முதல்ல நிம்மதிதான், ஏன்னா ஒரு காரணமாவது கிடைச்சுதே. என் தளத்துலயே ஏதோ ரெண்டு முகவரி ஆயிடுச்சு, டபிள்யூ மூணு போட்டது ஒன்னு போடாதது ஒன்னு, இல்லாட்டி மொபைல் வால் ஒட்டினது ஒன்னுன்னு நினைச்சுக்கிட்டேன், அதெல்லாம் சாதாரணம், சரி பண்ணிடலாம். முகவரியைப் போட்டு ஆராயற கருவியைத் திறந்தேன். அதுல ரெண்டு வரி வரும், நீங்க அறிவிச்ச கேனானிக்கல், அதாவது அசல்னு எடுத்துக்க வேண்டிய முகவரி, எது, நாங்க தேர்ந்தெடுத்த கேனானிக்கல் எதுன்னு. முதல் வரியில என் முகவரி. ரெண்டாவது வரியில நான் அதுவரைக்கும் கேள்விப்படாத ஒரு டொமைன்.

திறந்து பாத்தா என் கட்டுரை. முழுசா. டேபிள் அப்படியே, படம் அப்படியே, "போன கட்டுரையில சொன்ன மாதிரி"ன்னு நான் எழுதின வரிகூட அப்படியே, அதுல இருக்கற லிங்க் இன்னமும் என் தளத்தோட போன கட்டுரைக்குத்தான் போகுது. என் பேர் மட்டும் இல்ல. சுத்தி நாலாபக்கமும் விளம்பரம், கீழ "தொடர்புடைய பதிவுகள்"னு சம்பந்தமே இல்லாத ஏதேதோ. இங்கேர்ந்து ஒன்னு, அங்கேர்ந்து ஒன்னுன்னு ஃபீடுலேர்ந்து, அதாவது தளங்கள் புதுக் கட்டுரையைத் தானா வெளிய அனுப்பற வழியிலேர்ந்து, உருவிப் போடற தளம், ஆள் யாரும் உக்காந்து பண்ற வேலையாத் தெரியல. கட்டுரையோட நடுவுல இருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறி போட்டுத் தேடினேன், ஜம்முனு அந்தத் தளம் முதல்ல வந்து நிக்குது. அந்த வாக்கியத்தை எழுதினவன் இங்க உக்காந்து பாத்துட்டிருக்கான்.

கோவம் வந்துச்சுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. ஆனா கோவத்துக்குப் பின்னாடி வந்த யோசனைதான் என்னை இன்னிக்கு வரைக்கும் விடல. என் வாக்கியம், என் பத்தி நீளம், என் கிண்டல், என் தலைப்பு, ஒரு எழுத்து மாறாம இன்னொரு முகவரியில இருக்கும்போது அது இன்டெக்ஸ்ல சேர்க்கத் தகுதியானது. அப்ப எழுத்துல குறை இல்ல. பத்தியைச் சின்னதாக்குங்கன்னு சொன்ன அத்தனை பேச்சும் அந்த நிமிஷம் காலி. எடை போட்டது எழுத்தை இல்ல, எழுத்து நிக்கற வாசலை. இதை யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன், தோத்தவன் சொல்ற சாக்குன்னு நினைச்சிருப்பேன். ஆனா ஒரு பரிசோதனைக்குன்னே ஏற்பாடு பண்ண மாதிரி, ஒரே எழுத்து ரெண்டு வாசல்ல நின்னு காட்டிடுச்சு.

கேனானிக்கல் டேக்கோட கதையும் இங்க கொஞ்சம் சொல்லணும். 2009 பிப்ரவரியில கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து அறிவிச்சது. ஒரே பக்கம் பல முகவரியில இருந்தா எது அசல்னு தளக்காரரே சொல்லிக்கறதுக்கு. அசலா இது ஒரு தளத்துக்குள்ள இருக்கற குழப்பத்துக்காக வந்தது, அந்த வருஷக் கடைசியிலதான் ஒரு டொமைன்லேர்ந்து இன்னொரு டொமைனைக் காட்டறதையும் கூகுள் ஏத்துக்கிச்சு. முக்கியமான விஷயம் என்னன்னா இது ஒரு குறிப்பு, கட்டளை இல்ல. ரீடைரக்ட், எச்டிடிபிஎஸ், சைட்மேப்ல இருக்கா, லிங்க்கெல்லாம் எங்க போகுதுன்னு வேற பல குறிப்புகளோட இதையும் சேர்த்துப் பாத்து அவங்களே முடிவு பண்ணுவாங்க. என் பக்கம் "நான்தான் அசல்"னு சொல்லுது, உருவின பக்கமும் "நான்தான் அசல்"னு சொல்லுது, ரெண்டு டேக்கும் இலக்கண சுத்தம். யார் எழுதினதுங்கற கேள்வியே இந்த ஏற்பாட்டுல எங்கயும் இல்ல. நேர்மையான தளக்காரர் தன் வீட்டை ஒழுங்குபடுத்திக்கறதுக்குச் செஞ்ச கருவியை, திருடனையும் பறிகொடுத்தவனையும் பிரிக்கச் சொன்னா அதுவும்தான் என்ன பண்ணும்.

பேரைக் குடுத்தாத்தான் பொருள்

எடுக்க வெக்க வழி இருக்கு. அமெரிக்காவோட 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை வெச்சு, என் எழுத்தை எடுத்துட்டாங்க, தேடல்லேர்ந்து தூக்குங்கன்னு தேடுபொறிக்கு அனுப்பலாம். தளத்துக்காரர்கிட்ட எழுதிப் பாக்கலாம்தான், ஆனா தொடர்புப் பக்கமே இல்லாத தளத்துல யார்கிட்ட எழுதறது. ஃபாரத்தைத் திறந்தா முதல் கேள்வியே சட்டப்படியான முழுப் பேர். அப்புறம் தொடர்பு விவரம், இதை எழுதின உரிமை எனக்குத்தான்னு உறுதிமொழி, பொய்யா இருந்தா தண்டனைக்கு ஒத்துக்கறேன்னு ஒரு வரி. இப்படி வர்ற நோட்டீஸ்களோட நகலைக் கூகுள் மாதிரியான நிறுவனங்கள் லூமன்னு ஒரு ஆய்வுத் தொகுப்புக்கு அனுப்பி வெக்கறதும் உண்டு, யார் எதை எடுக்கச் சொன்னாங்கன்னு பொதுவுல தெரியணும்ங்கறதுக்காக. அது நல்ல ஏற்பாடுதான், பெரிய கம்பெனிகள் விமர்சனத்தை அமுக்கப் பாக்கும்போது அந்தத் தொகுப்புதான் கையும் களவுமாப் பிடிக்குது. ஆனா நான் புனைபேர்ல எழுதறவன். வேலை ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு ரெண்டையும் கலக்காம இத்தனை காலம் ஓட்டியாச்சு. உருவினவனுக்குப் பேரே தேவைப்படல, எழுதினவன்தான் பேரையும் விலாசத்தையும் நீட்டணும். இதுல யோசிச்சுக்கிட்டே கொஞ்ச காலம் போச்சு. புனைபேர்ல எழுதற நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், "விட்டுடுங்க சார், எடுத்தவன் எத்தனை நாள் அந்தத் தளத்தை நடத்திடுவான்"னாரு. அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஆறல. அனுப்பினேன்.

எடுத்துட்டாங்க, அதுல குறை சொல்ல முடியாது. நகல் அந்தத் தளத்துல இன்னமும் இருக்கு, தேடல்ல மட்டும் வராது, தேடுபொறியால அவ்வளவுதான் பண்ண முடியும். நான் தினமும் கன்சோலைப் பாத்தேன். நகல் போயாச்சு, இனி மூலம் ஒன்னுதான், வேற யாரைத் தேர்ந்தெடுப்பாங்க? கொஞ்ச நாள்ல என் கட்டுரை அந்த நகல் வரிசையிலேர்ந்து நகர்ந்துச்சு. எங்க போச்சு? பழைய இடத்துக்கே. படிச்சாச்சு, இப்போதைக்குச் சேர்க்கல.

சிரிச்சுட்டேன். நிஜமாவே.

எத்தனை இருக்கு, எத்தனை எடுப்பாங்க

அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தேன். 2008ல கூகுள் ஒரு லட்சம் கோடி தனித்தனி முகவரியைப் பாத்தாச்சுன்னு எழுதினாங்க. 2016ல அவங்களுக்குத் தெரிஞ்ச பக்கங்கள் 130 லட்சம் கோடின்னு சொன்னாங்க. ஆனா இன்டெக்ஸ்ல இருக்கறதுன்னு அவங்க சொல்றது பல்லாயிரம் கோடி பக்கம், அதாவது தெரிஞ்சதுல மிகச் சின்னத் துணுக்கு. தெரிஞ்சதுல பெரும்பாலானது குப்பை, காலண்டர் பக்கம், வடிகட்டின பட்டியல், ஒரே சாமானோட ஆயிரம் முகவரின்னு வெச்சுக்கிட்டாலும், எல்லாத்தையும் எடுத்துக்கறது எப்பவுமே நடக்கற காரியமா இருந்ததில்ல. விதிகள் அத்தனையும் சரியா இருந்தாலும் படிப்போம், சேர்ப்போம், காட்டுவோம்ங்கற உத்தரவாதம் இல்லன்னு அவங்க ஆவணத்துல முதல்லயே எழுதியிருக்கு. இன்டெக்ஸ்ங்கறது தேர்ந்தெடுக்கற வேலை. இதை நான் ஏத்துக்கறேன், மனசார.

ஏத்துக்க முடியாதது எதுன்னா, அந்தத் தேர்வை நம்மகிட்ட கோளாறு மாதிரி காட்டறது. 2022ல கூகுள் கன்சோல்ல ஒரு மாத்தம் வந்துச்சு, அதுவரைக்கும் பிழை, எச்சரிக்கை, சரியானது, விலக்கப்பட்டதுன்னு நாலா இருந்ததை இன்டெக்ஸ் ஆனது, ஆகாததுன்னு ரெண்டா சுருக்கினாங்க. எளிமைதான். ஆனா இப்ப ஆகாததுங்கற அந்த ஒத்தை எண்ணுக்குள்ள, நாமளே வேணும்னு ரீடைரக்ட் பண்ணது, நாமளே அழிச்சது, நாமளே நோஇன்டெக்ஸ் போட்டது, மொபைல் முகவரி, ஃபீடு முகவரி, இதோட வேண்டாம்னு அவங்க ஒதுக்கினதும் ஒன்னா கிடக்கு. புதுசா தளம் ஆரம்பிச்சவர் அந்த எண்ணைப் பாத்துட்டு, ஐயோ பாதிக்கு மேல போகலையேன்னு பதறி, ஒழுங்கா இருக்கறதைப் போட்டு நோண்ட ஆரம்பிப்பாரு. அந்தப் பதட்டத்துலதான் ஒரு வியாபாரமே ஓடுது. உடனடி இன்டெக்ஸ்னு காசு வாங்கற சேவைகள் இருக்கு, அதுல பலதும் கூகுளோட இன்டெக்ஸிங் ஏபிஐங்கற, நிரல்கள் நேரா முகவரியைக் குடுக்கற வாசல் வழியா முகவரியைத் தள்ளிவிடற வேலைதான். அந்த ஏபிஐ வேலை அறிவிப்புக்கும் நேரலை வீடியோவுக்கும் மட்டும்தான்னு ஆவணத்துலயே போட்டிருக்கு. கட்டுரைக்கு அதுல இடமே கிடையாது. காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு பக்கத்தைப் படிச்சா போதும்.

தளத்தை மொத்தமா எடை போடறதுங்கறதும் ரகசியம் ஒன்னும் இல்ல. 2022 ஆகஸ்ட்ல உதவற உள்ளடக்கம்னு ஒரு மாத்தத்தைக் கூகுள் கொண்டுவந்தப்ப, இது பக்கத்தை மட்டும் இல்ல, தளம் முழுக்கவும் பாக்கற குறின்னு அவங்களே சொன்னாங்க, 2024 மார்ச்ல அதை முக்கிய அமைப்புக்குள்ளயே கரைச்சுட்டாங்க. தரவரிசையைப் பத்தினதுதான் அது, இன்டெக்ஸ்ல எவ்வளவு தூரம் வேலை செய்யுதுன்னு வெளிய இருந்து அளக்க முடியாது. ஆனா மொத்தத் தளத்தைப் பாக்கற கண்ணுன்னா, நான் எழுதற தளம் அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஃபான்ட் பத்தி ஒன்னு, படிச்சதைப் பத்தி ஒன்னு, தூக்கம் வராததைப் பத்தி ஒன்னு, நடுவுல பல மாசம் மௌனம். ஒரே விஷயத்தை மட்டும் எழுதுங்க, அப்பத்தான் அதிகாரம் சேரும்னு சொல்றாங்க. மனுசன் அப்படி இருக்க மாட்டான், கம்பெனிதான் அப்படி இருக்கும். தனியாள் தளத்தோட அழகே அது தாறுமாறா இருக்கறதுதான், அந்தத் தாறுமாறுதான் அங்க எடுபடாத சரக்கு. இதுல யாரோட சதியும் இல்ல. குப்பையைத் தடுக்கப் போட்ட சல்லடை, எங்களை மாதிரி ஆளையும் சேர்த்துத் தடுக்குது, உருவிப் போடற தளத்தை எப்படியோ விட்டுடுது.

இதுக்கப்புறம் நான் பண்ணது ரொம்பக் கொஞ்சம். பழசையெல்லாம் கையால விஷயவாரியா அடுக்கி ஒரு பக்கம் வெச்சேன், ஏன்னா மாசவாரிப் பட்டியல்ல ரொம்பப் பின்னாடி கிடக்கறதுக்குப் போக மனுசனுக்கும் வழி இல்ல, பாட்டுக்கும் வழி இல்ல. ஃபீடுல முழுக் கட்டுரையும் போகுது, இன்னமும், சுருக்கமா மாத்துங்க அப்பத்தான் உருவ மாட்டான்னு நிறைய பேர் சொன்னாங்க, திருடனுக்காக ஒழுங்கா படிக்கறவங்களை ஏன் சிரமப்படுத்தணும். இன்டெக்ஸ்நவ்னு ஒன்னு இருக்கு, பிங்கும் யாண்டெக்ஸும் 2021ல ஆரம்பிச்சது, பக்கம் மாறினா நாமளே தட்டிச் சொல்லலாம், அதையும் போட்டு வெச்சேன். இன்னொரு தேடுபொறியில அதே கட்டுரை எப்பவோ உள்ள இருக்குன்னு அப்பத்தான் கவனிச்சேன், ஒரே பக்கத்துக்கு ஒரு வீட்டுல இடம் இருக்கு, இன்னொரு வீட்டுல இல்ல. இந்த வேலையெல்லாம் பண்ண பிறகு பழைய குறிப்புகள் சிலது உள்ள வந்துச்சு, சிலது வரல, உள்ள இருந்த ஒன்னு ரெண்டு வெளியவும் போச்சு. இதைப் பண்ணேன் அதனால வந்துச்சுன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு இப்ப பொறாமையா இருக்கு, எப்படித்தான் அவ்வளவு உறுதியாத் தெரியுதோ.

அந்தக் கட்டுரை இன்னிக்கு வரைக்கும் வெளியதான். ஆனா கொம்பு இடம் மாறறதைப் பத்தி மட்டும் தனியா, அவசரத்துல, ரெண்டே பத்தியில ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். முழு விவரம் கட்டுரையில இருக்குன்னு கீழ ஒரு லிங்க். தலைப்புகூட யோசிக்கல. அது சட்டுனு உள்ள போயிடுச்சு. பழைய ஃபைல் திறக்காதவங்க இப்ப அந்த ரெண்டு பத்தியில வந்து இறங்கி, கீழ இருக்கற லிங்க்கைப் பிடிச்சுக் கட்டுரைக்கு வர்றாங்க. போன வாரம் ஒருத்தர் பாமினியும் இல்லாத, டிஸ்கியும் இல்லாத ஒரு ஃபைலை அனுப்பி இது என்ன என்கோடிங்னு கேட்டிருக்காரு. எனக்கும் பிடிபடல, அதைத்தான் இப்ப பாத்துட்டிருக்கேன்.